அக்கா கணக்கில் இருந்த தொண்ணூறாயிரம்

2019ல் ஒரு படம் எடுத்தேன். பதினோரு நாள் ஷூட்டிங். அது இன்றைக்கும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், பீரோவுக்குள் அம்மாவின் பட்டுச் சேலைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. கடைசி நாள் பேக்கப் சொன்னபோது கையில் இருந்தது 1,700 ரூபாய். எடிட்டிங்கை நானே பார்த்துக்கொள்ளலாம், கல்யாண வீடியோ வெட்டிப் பழகிய கைதான். டப்பிங், மிக்ஸிங், கலர் எதற்கும் வழியில்லை. அதில் நடித்த பெரியவர் ஒருவர் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் பார்க்கும்போதெல்லாம், "தம்பி, படம் எப்பய்யா வருது?" என்பார். 2022ல் அவர் தவறிவிட்டார். அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் 2023ல் அடுத்த படத்துக்குப் பணம் திரட்ட ஆரம்பித்தபோது, கதைக்கும் முன்னால் ஒரு முடிவு எடுத்தேன். எடுக்கிற காசு வேறு, முடிக்கிற காசு வேறு. முதலில் வருகிற 90,000 ரூபாய் அக்காவின் பேங்க் கணக்கில் போய்விட வேண்டும். ஷூட்டிங் முடியும்வரை நான் காலில் விழுந்து கேட்டாலும் அவள் தரக்கூடாது.

பணம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு ஒன்று கட்டிக்கொண்டிருந்தேன். நாலாவது மாதமே அவசரப்பட்டுக் கேட்டதால் தள்ளு போக 1,54,000 கைக்கு வந்தது. என் மனைவியின் மூன்றரைப் பவுன் செயினுக்கு நகைக்கடன் 1,10,000. கல்யாண ஆர்டர்களில் மிச்சம் பிடித்தது 1,20,000. மீதி 2,36,500 ரூபாயை நாற்பத்தொரு பேர் கொடுத்தார்கள். 500 கொடுத்தவரும் உண்டு, 20,000 கொடுத்தவரும் உண்டு. எல்லார் பெயரும் ஒரு நாற்பது பக்க நோட்டில் இருக்கிறது. முதல் பக்கத்தில் 'இது கடன் இல்லை, படம் சம்பாதித்தால் பங்கு' என்று எழுதி, அதைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் வாங்கினேன். ஆக மொத்தம் 6,20,500.

நடுவில் ஒரு ஃபைனான்சியர் மூன்று லட்சம் தருவதாகச் சொன்னார். மூணு வட்டி, அதாவது மாதம் 9,000. கூடவே கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை, படத்தின் உரிமைப் பத்திரம். அன்றிரவு தூங்கவில்லை. மறுநாள் வேண்டாம் என்றேன். மாதம் ஒன்பதாயிரம் ஓடிக்கொண்டிருந்தால் எந்த ஷாட்டையும் நிதானமாக வைக்க முடியாது.

ஊர்க்காரர்களையே நடிக்க வைத்தோம். அவர்களை டப்பிங்குக்காகச் சென்னைக்குக் கூட்டிப்போய்த் தங்கவைக்கிற செலவில் சிங்க் சவுண்டே, அதாவது நடிக்கும்போதே அவர்கள் குரலையும், எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, ஒரு சவுண்ட் ரெக்கார்டிஸ்டை வரவழைத்தோம். கேமரா என்னுடைய சோனி. லென்ஸும் லைட்டும் மதுரையில் வாடகை. பதிமூன்று பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு, ஒரு நாளைக்கு 2,600. அதில் மட்டும் கை வைக்கவில்லை. வயிறு வாடினால் யூனிட் நிற்காது.

ஷூட்டிங்கின் ஒன்பதாம் நாள் ஐப்பசி மழை பிடித்தது. ஷூட் நடந்தாலும் நடக்காவிட்டாலும் வாடகை, பேட்டா, சாப்பாடு எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 18,000. இரண்டு நாள் சும்மா உட்கார்ந்தோம். பஸ் ஸ்டாப்பில் இருபது பேரை வைத்து எடுக்க வேண்டிய பெரிய காட்சி பாக்கி. அக்காவுக்கு போன் போட்டு, முப்பதாயிரம் மட்டும் கேட்டேன்.

"கேட்டாலும் தராதன்னு நீதானடா சொன்ன. அந்தப் பெரியவர நெனச்சுப் பாரு" என்று வைத்துவிட்டாள்.

கோபம் வந்தது. வெளியே வந்தால், நாங்கள் தங்கியிருந்த வீட்டு அம்மா தீப்பெட்டி ஒட்டிக் காயப்போட்டிருந்ததை மழைக்குப் பயந்து தகர ஷெட்டுக்குள் வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மகள் முறத்தில் அள்ளிக் கொடுத்தாள். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு வைத்திருந்த காட்சியை அந்த ஷெட்டுக்கே மாற்றினேன். அதில் மகள் வேலைக்குச் சென்னை போகிறேன் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும், ஒன்றரைப் பக்க வசனம். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் வசனம் கேட்காது. வசனத்தையே நீக்கிவிட்டேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே மகள் பெட்டிகளை அள்ளிக் கொடுக்கிறாள், அம்மா வாங்கி வைக்கிறாள், அவ்வளவுதான். மூன்று டேக். படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

ஷியாம் பெனகலின் இந்திப் படம் 'மந்தன்' (1976) டைட்டில் கார்டில், குஜராத்தின் ஐந்து லட்சம் விவசாயிகள் வழங்கும் படம் என்று வரும். ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு எடுத்தது. கேரளாவில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேசா என்ற திரைப்படக் குழுவினரும் ஊர் ஊராகப் போய் மக்களிடம் காசு திரட்டித்தான் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். எங்கள் டைட்டிலிலும் நாற்பத்தொரு பெயர்களையும் போட்டிருக்கிறேன், தொகை போடாமல், நோட்டில் இருந்த வரிசையிலேயே.

மிக்ஸிங்குக்கு 75,000 ஆனது. அக்காவே சென்னைக்கு வந்து, ஸ்டுடியோவில் தன் போனிலிருந்து அனுப்பினாள். மீதி 15,000 டிசிபி, அதாவது தியேட்டரில் ஓட்டுகிற டிஜிட்டல் பிரதி, எடுக்க. அந்தத் தகர ஷெட் காட்சி ஸ்பீக்கரில் ஓடியபோது, "மழ நம்ம வீட்டுல பெய்யுற மாதிரியே இருக்குடா" என்றாள்.