பிதுக்குப் பருப்பும் ஆறு கேள்வியும்

பாப்பா போன்ல சோஷியல் மீடியாவை விட முடியாமத் தவிச்ச கதையை எழுதலாமா வேணாமான்னு ஒரு மாசமா யோசிச்சுட்டு கடைசில அவகிட்டயே கேட்டேன், பேரு மட்டும் போடாத சித்தி மத்தது எல்லாம் எழுதிக்கோன்னு சொல்லிட்டா. பாப்பா எங்க அக்கா பொண்ணு, செகண்ட் பியூசி, தமிழ்நாட்டுக் கணக்குல பிளஸ் டூ. பெங்களூர் மர்ஃபி டவுன்ல அக்கா, மாமா, அம்மா, நான், அவ எல்லாரும் ஒரே வீடு.

அக்டோபர்ல ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு நான் தண்ணி குடிக்க எந்திரிச்சப்போ பாப்பா போர்வைக்குள்ள போன் வெளிச்சம். எல்லா வீட்லயும் நடக்கறதுதானேன்னு விட்டுட்டேன். அப்புறம் மிட் டெர்ம் மார்க் வந்துச்சு, அக்கா போனைப் புடுங்கி பீரோல வெச்சுப் பூட்டிட்டா. அதுக்கப்புறம் நாலு நாள் வீடு வீடா இல்ல, பாப்பா சரியா சாப்பிடல, யார்கிட்டயும் முகம் குடுத்துப் பேசல, அஞ்சாவது நாள் பாத்தா அம்மாவோட பழைய போன்ல புது அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி பாத்ரூம்ல உக்காந்து பாத்துட்டு இருக்கா. அக்கா கை ஓங்கிட்டா. நான் நடுவுல போய் நின்னேன், ஆனா நானும் அன்னிக்கு "உனக்கு வெக்கமா இல்லையாடி"ன்னு கேட்டேன். அந்த வார்த்தை இன்னும் என்னை உறுத்திட்டே இருக்கு.

அதுக்கப்புறம்தான் இதைப் பத்தி உக்காந்து படிச்சேன். அடிக்ஷன் அடிக்ஷன்னு நாம எல்லாரும் சொல்றோம், ஆனா உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்ல, அதான் ஐசிடி-11ல, கேமிங்குக்குத்தான் தனியா ஒரு நோய்ப்பேரு இருக்கு, சோஷியல் மீடியாவுக்கு அப்படி எதுவும் இல்ல. அதே நிறுவனத்தோட ஐரோப்பா ஆபீஸ் 44 நாடு, பிராந்தியங்கள்ல 11, 13, 15 வயசுப் பிள்ளைங்க கிட்டத்தட்ட 2,80,000 பேர்கிட்ட கேட்டிருக்காங்க. கட்டுப்படுத்த முடியாம யூஸ் பண்றவங்க 2018ல 7 சதவீதம், 2022ல 11 சதவீதம், அதுலயும் பொண்ணுங்க 13, பசங்க 9. அந்த நம்பரை விட எனக்கு மனசுல நின்னது வேற ஒண்ணு. ரொம்ப நேரம் யூஸ் பண்ணியும் பிரச்சனை இல்லாத பிள்ளைங்களும் நிறைய பேர் இருக்காங்க, அவங்களுக்கு ஃப்ரெண்ட்ஸ் சப்போர்ட் நல்லாவே இருக்காம். அப்போ நாம வீட்ல கத்துற "எத்தனை மணி நேரமா அதையே பாத்துட்டு இருப்ப"ங்கற கேள்வி மட்டும் போதாது.

என்ன கேக்கணும்னு நார்வேல பெர்கன் யூனிவர்சிட்டிக்காரங்க ஆறு கேள்வி வெச்சிருக்காங்க, 2012ல ஃபேஸ்புக்குக்காகப் பண்ணினது, பின்னாடி எல்லா சோஷியல் மீடியாவுக்கும் மாத்திட்டாங்க. எப்பப் பாரு அதே நினைப்பா இருக்கா, நாளாக நாளாக இன்னும் வேணும்னு தோணுதா, கஷ்டத்தை மறக்கறதுக்காகப் பாக்கறியா, குறைக்கப் பாத்து முடியாமப் போச்சா, பாக்கக் கூடாதுன்னா நிலைகொள்ளாமத் தவிக்கிறியா, படிப்போ வேலையோ கெட்டுப் போச்சா. கடந்த ஒரு வருஷத்தை வெச்சு பதில் சொல்லணும். அதை வெச்சு நாமளே நோய்ப்பேரு சொல்லிடக் கூடாது, ஆனா எங்கேர்ந்து பேச ஆரம்பிக்கறதுன்னு எனக்குத் தெரிஞ்சுது.

ஆனா எப்போ கேக்கறது? அவ என் மூஞ்சியைப் பாத்தாலே எந்திரிச்சுப் போயிடறா.

டிசம்பர் வந்துச்சு. பெங்களூர்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், டிசம்பர் ஜனவரின்னா அவரைக்காய் சீசன், தெருவெல்லாம் அந்த வாசனைதான். அம்மா மூணு கிலோ வாங்கி உரிச்சு கொட்டையை ராத்திரியே ஊற வெச்சுட்டாங்க, மறுநாள் ஞாயித்துக்கிழமை நானும் பாப்பாவும் குண்டானை நடுவுல வெச்சுட்டு கீழ உக்காந்து தோல் போகப் பிதுக்க ஆரம்பிச்சோம். ரெண்டு கையும் ஈரம், விரல்ல வழவழன்னு இருக்கும், போனைத் தொடவே முடியாது. முகத்தைப் பாத்துப் பேச வேண்டிய அவசியமும் இல்ல, ரெண்டு பேர் கண்ணும் பருப்பு மேலதான். அரை மணி நேரம் கழிச்சு ஒவ்வொண்ணா கேட்டேன். மொத ரெண்டுக்கு ம், ம்னு சொன்னா. "கஷ்டத்தை மறக்கவா பாக்கற"ன்னு கேட்டப்போ கை நின்னு போச்சு.

நாங்க என்னமோ அவ டான்ஸ் ரீல்ஸும் மேக்கப்பும்தான் பாக்கறான்னு நெனச்சுட்டு இருந்தோம். அவ ராத்திரி பூரா பாத்தது படிக்கற வீடியோவாம். நாலு மணிக்கு எந்திரிச்சு பன்னெண்டு மணி நேரம் படிக்கறேன்னு டேபிள், லேம்ப், கலர் கலரா நோட்ஸ் காட்டற பிள்ளைங்க, நீட் டாப்பர் டைம்டேபிள். எங்க வீட்ல அவளுக்குன்னு ஒரு டேபிள் கூட இல்ல. அதைப் பாக்கப் பாக்க நாம இனிமே படிச்சு என்ன ஆகப் போகுதுன்னு பயம் வருமாம், பயம் வந்தா புக்கைத் திறக்கப் பிடிக்காது, திறக்கலன்னு குற்ற உணர்ச்சி, அதை மறக்க அடுத்த வீடியோ. "மூணு தடவை ஆப்பை டிலீட் பண்ணேன் சித்தி, மூணு தடவையும் திரும்பப் போட்டேன், நான் வேணும்னு பண்ணல." தானே நிறுத்தப் பாத்து முடியாம தனியாத் தவிச்சிருக்கா, அவளைப் போய் நாங்க பூட்டு போட்டு வெக்கங்கெட்டவன்னு சொல்லிருக்கோம்.

குண்டான் காலியாகறப்போ அவளே ஒண்ணு சொன்னா, இதுன்னா தீந்து போகுது, அது தீரவே மாட்டேங்குதுன்னு. தீரக் கூடாதுன்னுதான் அதைச் செஞ்சதே. பக்கம் முடியாம கீழ வந்துட்டே இருக்கற அந்த முறையை 2006ல டிசைன் பண்ணின அசா ராஸ்கின்ங்கறவரே பின்னாடி அதுக்காக வருத்தப்பட்டுப் பேசிருக்கார். பதினேழு வயசுப் பொண்ணு ராத்திரி ரெண்டு மணிக்கு தன் மனக்கட்டுப்பாட்டை மட்டும் வெச்சுட்டு அதை நிறுத்தணும்னு எதிர்பாக்கறது நியாயமே இல்ல.

நிம்ஹான்ஸ், அதான் இங்க இருக்கற பெரிய மனநல ஆஸ்பத்திரி, அங்க போலாம்னு சொன்னதும் அக்கா ஆடிப் போயிட்டா. இந்த ஊர்ல யாராவது ஏடாகூடமாப் பேசினா "நிம்ஹான்ஸ்ல சேத்துடுவேன்"னு கேலி பண்றது சகஜம், அந்தப் பேரே ஒரு வசவு மாதிரி ஆகிப் போச்சு, அது எவ்வளவு பேரை வாசல் வரைக்கும் போக விடாம தடுத்திருக்கோ. அங்க 2014லேர்ந்தே இதுக்குன்னு தனி கிளினிக் இருக்கு, ஷட் கிளினிக். சர்வீஸ் ஃபார் ஹெல்தி யூஸ் ஆஃப் டெக்னாலஜின்றதோட சுருக்கம் அது, அதாவது ஆரோக்கியமா யூஸ் பண்ணக் கத்துக்கறது. பேரை விளக்கினப்புறம்தான் அக்கா கொஞ்சம் இறங்கி வந்தா. அதுக்கு முன்னாடி டெலிமானஸ் 14416க்கு போன் போட்டோம், மனநல உதவிக்காக கவர்ன்மென்ட் நடத்தற போன் சேவை, 2022லேர்ந்து இருக்கு, காசு கிடையாது, தமிழ்லயும் பேசலாம். பாப்பாவே பேசினா, நாங்க எல்லாரும் ஹாலை விட்டு வெளிய போயிட்டோம்.

இப்போ பத்தரை மணிக்கு வீட்ல எல்லா போனும் கிச்சன் ஷெல்ஃப்ல சார்ஜ்ல இருக்கும், மாமாவோடதும் சேத்துத்தான், அவரு முதல் வாரம் ரொம்ப முறைச்சார். என் பழைய ஆபீஸ் டேபிளைத் துடைச்சு ஜன்னலோரமாப் போட்டுக் குடுத்தேன். அந்த டாப்பர் அக்கவுண்ட் எல்லாத்தையும் அவளே அன்ஃபாலோ பண்ணா, ஃப்ரெண்ட்ஸ் குரூப் மட்டும் வெச்சிருக்கா, அது அவளுக்கு வேணும்.

போன செவ்வாக்கிழமை ராத்திரி ஷெல்ஃப்லேர்ந்து போனை எடுத்துட்டுப் போய் ஒரு மணி வரைக்கும் பாத்திருக்கா. காலைல காபி போட்டுட்டு இருந்தப்போ அவளே வந்து சொன்னா. அக்கா எதுவுமே சொல்லல, அவரைக்காய் சீசன் முடியப் போகுது, வரப்போ ஒரு கிலோ வாங்கிட்டு வான்னு மட்டும் சொல்லி கையில காசு குடுத்தா.