1930-ஐ அழைப்பதற்குள் போன மூன்று மணி நேரம்

பம்பு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். ஐ.டி.க்குத் தனி ஆள் கிடையாது, அதனால் பாஸ்வேர்டு மறந்தாலும் பிரின்டர் மக்கர் செய்தாலும் என் தலையில்தான். போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வழக்கமாக வார்ப்பு வாங்கும் பவுண்டரியிலிருந்து மெயில் வந்தது: பழைய கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்தப் புதுக் கணக்கில் போடுங்கள். பழைய மெயிலுக்குப் பதிலாகவே வந்திருந்தது, பில் எண்ணும் தொகையும் சரியாக இருந்தன. இருந்தாலும் உறுத்தியது, எம்.டி.யைக் கேட்டேன். "நம்ம ஆளுதாம்மா, போட்டுடுங்க, திங்கட்கிழமை லோடு நின்னுடக் கூடாது" என்றார். ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் 14,60,000 ரூபாய் போய்விட்டது.

மறுநாள் பத்தரைக்கு பவுண்டரிக்காரர் போன் செய்து பணம் எங்கே என்றபோதுதான் அந்த மெயில் வந்த முகவரியை உற்றுப் பார்த்தேன். 'எம்' வரவேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்திருந்தார்கள்.

உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் போடலாம் என்றேன். எம்.டி. ஒத்துக்கொள்ளவில்லை. வெளியே தெரிந்தால் கஸ்டமர் என்ன நினைப்பான், பேங்க் மேனேஜர் தெரிந்தவர்தான், அவரிடம் பேசிக்கொள்ளலாம் என்றார். அன்று நாலாவது சனி. மேனேஜர் ஒரு மணிக்குப் போனை எடுத்து, திங்கட்கிழமை லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொண்டு வாருங்கள் என்றார். ஒன்றே முக்காலுக்கு நானே 1930-ஐ அழைத்தேன். யு.டி.ஆர். எண் (பணம் அனுப்பியதற்கு பேங்க் தரும் அடையாள எண்), கணக்கு எண், தொகை, நேரம், இவ்வளவுதான் கேட்டார்கள். யு.டி.ஆர். எண்ணைத் தேடவே எனக்குப் பத்து நிமிஷம் ஆனது, நீங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு போன் போடுங்கள். அப்புறம் சைபர் கிரைம் போர்ட்டலில் முழுப் புகார், அது சிக்கலில்லை.

5,20,000 ரூபாயை நிறுத்தி வைக்க முடிந்தது. மிச்சத்தில் பெரும்பகுதி இரவோடு இரவாகவே கைமாறிவிட்டது, சரி. ஆனால் பதினொன்றே காலுக்கும் பன்னிரண்டே முக்காலுக்கும் இரண்டு தவணையாக 3,80,000 வெளியேறியதைப் பிறகு ஸ்டேஷனில் காட்டினார்கள். அந்த நேரத்தில் நாங்கள் மேனேஜர் போனை எடுப்பாரா என்று உட்கார்ந்திருந்தோம்.

ஸ்டேஷனுக்கு மூன்று தடவை அலைந்தேன். முதல் தடவை மெயிலை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போனேன், எங்கிருந்து எப்படி வந்தது என்று காட்டும் ஹெடரோடு மூல மெயில் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தடவை மின்னணு ஆதாரத்துக்கென்று வக்கீல் கொடுத்த 65பி சான்றிதழோடு போனேன். "இது பழைய சட்டம்மா" என்றார் எழுத்தர், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதுச் சாட்சியச் சட்டம், அதில் 63-ஆவது பிரிவு. படிவத்தில் இரண்டு பகுதி, நம்முடையது ஒன்று, நிபுணர் கையெழுத்துப் போடுவது ஒன்று, ஃபைல் மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும். வக்கீலிடம் இதைச் சொன்னபோது அவரும் கூகுளில்தான் பார்த்தார்.

நிபுணர் என்று வந்த பையன்தான் இன்னொன்றையும் சொன்னான். இப்படி நடந்தால் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், 2022-லேயே வந்த உத்தரவு, சின்ன கம்பெனிக்கும் உண்டு. எங்களுக்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது. மெயில் லாக் முப்பது நாளுக்குத்தான் இருந்தது, அதற்கு முன்னால் யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்பதற்குத் தடயமே இல்லை.

மோசடிக்காரன் நுழைந்தது எந்த மெயில்பாக்ஸில் என்று தேடினால், எம்.டி.யுடையதில். 'இன்வாய்ஸ்', 'பேமென்ட்' என்று வரும் மெயிலெல்லாம் வெளி முகவரி ஒன்றுக்கு நகல் போகும்படி ரூல் போட்டு வைத்திருந்தான். அந்த மெயிலுக்கு நான் போட்டுக் கொடுத்த ஓ.டி.பி.யை, தொல்லையாக இருக்கிறது என்று என்னையே எடுக்கச் சொன்னவரும் அவர்தான். நான் வாயைத் திறக்கவில்லை. "திரும்பப் போட்டுடுங்கம்மா" என்றார்.

நிறுத்தி வைத்த பணம், புதுக் குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 503-ஆவது பிரிவில் மனு போட்டு, கோர்ட் உத்தரவோடு ஐந்து மாதம் கழித்துக் கணக்குக்கு வந்தது.

இப்போது கணக்கு எண் மாறுகிறது என்று யார் எழுதினாலும், பழைய பில்லில் இருக்கும் நம்பருக்குப் போன் போட்டுக் கேட்காமல் பைசா நகராது, அது எம்.டி.க்கும் சேர்த்துத்தான். போன வாரம் அவரிடமிருந்து அவசரம், உடனே ரெண்டு லட்சம் அனுப்புங்கள் என்று மெயில். போன் போட்டேன். மீட்டிங்கில் இருக்கும்போது ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று கத்தினார். மெயில் நிஜமாகவே அவருடையதுதான். பணத்தை அனுப்பினேன், போனில் பேசிய நேரத்தை வவுச்சரில் குறித்துவிட்டு.