கல்லா, பஞ்சா?

"பிரேக் பிடிக்கவில்லை" என்று ஜாப் கார்டில் எழுதி வரும் வண்டியின் உரிமையாளரிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "அந்த நேரத்தில் பெடல் கல்லாக இருந்ததா, பஞ்சாக இருந்ததா?" கோயம்புத்தூரில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் 20 ஆண்டுகளுக்கு மேலாகப் பழுது கண்டறியும் வேலையில் இருக்கிறேன். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டுவதற்கு முன் இந்த ஒரு பதிலைக் கேட்டுக்கொண்டால் பாதி வழி கடந்துவிடலாம். பதற்றத்தில் இருப்பவர்களுக்குச் சில சமயம் நினைவு வராது. அப்போது டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, சற்று நேரம் கழித்து மறுபடியும் கேட்பேன்.

பஞ்சு என்றால் பெரும்பாலும் மலைப்பாதை. வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளையும் மேல் கியரிலேயே, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கியிருப்பார்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது; டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழ்கள் உண்டாகி, மிதிக்கிற விசையெல்லாம் அந்தக் குமிழ்களை அமுக்குவதிலேயே போய், பெடல் தரை வரை இறங்கும். அங்கே விட்டு விட்டு மிதிப்பது சரியான வழி. அழுத்தம் ஓரளவு மீளும். கூடவே கியரைக் குறைத்து, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்க வேண்டும். பல வருடங்களாக நாங்கள் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சொல்லிவந்த அறிவுரையும் இதுவே.

அந்த அறிவுரை எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதை எனக்கு உறைக்கவைத்தது ஒரு பெட்ரோல் ஆட்டோமேட்டிக் கார். அவிநாசியிலிருந்து விடியற்காலையில் வந்துகொண்டிருந்த, பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், லாரி ஒன்றை முந்துவதற்காக ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்திருக்கிறார். முந்திய பிறகு காலை எடுத்தும் வேகம் குறையவில்லை. நான்கைந்து முறை பிரேக்கை மிதித்து மிதித்து விட்டிருக்கிறார். அதன் பிறகு பெடல் அசையவே இல்லை. கடைசியில் இரண்டு கால்களாலும் ஏறி மிதித்து, நடுச்சுவரில் பக்கவாட்டில் உரசியபடி வண்டியை நிறுத்தியிருக்கிறார். யாருக்கும் காயமில்லை. "கல்லு மாதிரி ஆயிப்போச்சுங்க. கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறுங்க, நான் காலை எடுத்துட்டேனுங்க" என்று அன்று முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னதை நான் சந்தேகிக்கவில்லை. இன்றைய கார்களில் ஆக்சிலேட்டர் பெடலுக்கும் எஞ்சினுக்கும் இடையே கேபிள் கிடையாது. பெடலில் உள்ள இரண்டு சென்சார்கள் தனித்தனியாக வோல்டேஜ் அனுப்ப, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் மூடியான திராட்டிலின் மோட்டாரை இயக்குகிறது. ஸ்கேனரில் அந்த இரண்டு வோல்டேஜ் கோடுகளையும் நெடுநேரம் பார்த்தேன். ஒன்று மற்றொன்றின் இரு மடங்காக, துளியும் பிசகாமல் ஏறி இறங்கியது. பதிவான பிழைக் குறியீடு எதுவும் இல்லை. முன் டிஸ்க்குகள் மட்டும் வெப்பத்தில் நீலம் பாய்ந்திருந்தன.

பிறகு ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். வண்டியோடு வந்த மேட்டின் மேல், கடையில் வாங்கிய தடித்த ரப்பர் மேட் ஒன்று கொக்கியில் மாட்டப்படாமல் கிடந்தது. அதன் முன் விளிம்பில் பெடலின் அகலத்துக்குப் பிறை போன்ற ஒரு தேய்மானம். மேட்டை நான்கு விரல் அளவு முன்னே தள்ளி, பெடலைக் கையால் முழுக்க அமுக்கிவிட்டுக் கையை எடுத்தேன். பெடல் எழவில்லை, ஸ்கேனர் திரை 98 சதவீதத்திலேயே நின்றது. பெரியவரை அழைத்துக் காட்டினேன். அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

பெடல் கல்லானதற்குக் காரணம், மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பூஸ்டர். பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்கு உதவுவது எஞ்சின் உறிஞ்சும்போது கிடைக்கும் வெற்றிடம். திராட்டில் முழுக்கத் திறந்திருக்கையில் அந்த வெற்றிடம் கிட்டத்தட்ட இல்லாமல் போகும். ஏற்கெனவே பூஸ்டரில் தேங்கியிருப்பது இரண்டு மூன்று மிதிகளுக்கு மட்டுமே வரும். அதை அவர் விட்டு விட்டு மிதித்தே செலவழித்துவிட்டார். நாங்கள் சொல்லிக்கொடுத்தபடியே செய்தார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே டொயோட்டாவின் லெக்சஸ் கார் ஒன்றில் சென்ற நால்வர் இறந்ததற்கும் வேறு மாடலுக்கான மேட்டில் ஆக்சிலேட்டர் சிக்கியதே காரணமாகக் கண்டறியப்பட்டது. ஓடும்போது அந்த வண்டியின் ஸ்டார்ட் பட்டனை 3 விநாடி அழுத்திப் பிடித்தால்தான் எஞ்சின் அணையும். டொயோட்டா வண்டிகளின் மின்னணுப் பகுதியை ஆராய்ந்த நாசா பொறியாளர்கள் 2011 பிப்ரவரியில் வெளியான அறிக்கையில் மின்னணுக் கோளாறு எதையும் காரணமாகக் காணவில்லை. எனினும் 2013இல் ஓக்லஹோமாவில் ஒரு ஜூரி, மென்பொருள் நிபுணரின் சாட்சியத்தைக் கேட்டு, வேறொரு விபத்தில் அந்த நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆகவே மென்பொருளில் தவறே நேராது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் பிரேக்கின் வலிமை பற்றி உறுதியாகச் சொல்வேன். மணிக்கு சுமார் 113 கிலோமீட்டர் வேகத்தில், திராட்டில் முழுதும் திறந்த நிலையில், ஒரு டொயோட்டா கேம்ரியை அமெரிக்க மோட்டார் இதழ் ஒன்று சோதித்தபோது அது 190 அடியில் நின்றது. திராட்டில் மூடியிருந்தபோது பிடித்த தூரத்தைவிட 16 அடிதான் கூடுதல். ஒரே அழுத்தாக அழுத்தி, காலை எடுக்காமல் இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

அதனால் இப்போது இரண்டையும் பிரித்தே சொல்கிறேன். பெடல் இறங்கினால் விட்டு விட்டு மிதியுங்கள். வண்டி தானாக முடுக்கினால் ஒரே மிதியாக மிதித்துப் பிடித்துக்கொண்டு, கியரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். எஞ்சின் பயங்கரமாக அலறும். அலறட்டும், எஞ்சின் போனால் வேறு வாங்கலாம். ஓடும்போது சாவியை உருவ வேண்டாம், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம். புதிய வண்டிகள் பலவற்றில் பிரேக்கை மிதித்தாலே ஆக்சிலேட்டரின் கட்டளையை ஈசியூ ஒதுக்கிவிடும். பெரியவரின் வண்டியில் அந்த வசதி இல்லை.

இதற்கு நேர்மாறான புகாரும் வரும். பள்ளி ஆசிரியை ஒருவரின் கார் மேம்பாலத்தின் நடுவில் மிதித்தும் நகராமல் ஊர்ந்திருக்கிறது. பெடல் சென்சாரின் கனெக்டரில் ஒரு பின் பச்சை பூத்திருந்தது. இரண்டு கோடுகளும் ஒத்துப்போகாததால், எதை நம்புவதென்று தெரியாத ஈசியூ வேகத்தைக் கட்டிப்போட்டுவிட்டது. அவருக்கு அது பெரிய அவமானமாகத் தோன்றியிருந்தது. வண்டி அன்று அவரைக் காப்பாற்றியது என்றே நான் சொன்னேன்.

பெரியவரின் வண்டியை ஒப்படைத்த நாளில், எஞ்சினை அணைத்த நிலையில் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்க்கச் சொன்னேன். நான்காவது மிதியில் பெடல் இறுகியது. "இதுதானுங்க, இதேதானுங்க" என்றார். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். எஞ்சின் உயிர்பெற்றதும் அவர் பாதத்துக்குக் கீழே பெடல் மெல்லத் தாழ்ந்தது. அணைத்துவிட்டு, இன்னொரு முறை செய்து பார்க்கலாமா என்று கேட்டார்.