ஆறரை மணிக்குப் போன மெசேஜ்

வியாசர்பாடியில் ஓர் உதவிபெறும் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை நான். நோட்டு திருத்தி, வீட்டு வேலை முடித்து, பெற்றோருக்குத் தகவல் போடும்போது இரவு பதினொன்று ஆகிவிடும். பெற்றோர் கூட்டத்தில் ஓர் அப்பா சொன்னார்: "மிஸ், நான் கோயம்பேட்டுல லோடு எறக்குறேன். பன்னெண்டு மணிக்குக் கெளம்பணும். கண்ணசர்ற நேரத்துல போன் அடிக்குது." அந்த வீட்டுக்கே அது ஒன்றுதான் போன்.

எல்லோரிடமும் கேட்டேன். பலருக்கு இரவு ஏழரைக்கு மேல்தான் வசதி. ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகும் அம்மாக்கள் சிலர் காலை ஆறரை என்றார்கள்.

எங்கள் வகுப்புக்கு டெலிகிராம் சேனல் இருக்கிறது. அதில் யார் யார் இருக்கிறார்கள் என்பது மற்ற பெற்றோருக்குத் தெரியாது, அதற்காகவே குரூப் வேண்டாம் என்றேன். மெசேஜை டைப் செய்து அனுப்பும் பட்டனை அழுத்திப் பிடித்தால் தேதி, நேரம் குறிக்கலாம். அது சர்வரில் காத்திருப்பதால் நம் போன் அணைந்திருந்தாலும் போய்விடும். பட்டன் போன் வைத்திருக்கும் நான்கு வீடுகளுக்கு கூகுள் மெசேஜஸில் எஸ்எம்எஸ் குறித்து வைக்கிறேன். அங்கேயும் அதே முறைதான். ஆனால் அந்த நேரத்தில் நம் போன் ஆனில், நெட்டோடு இருக்க வேண்டும். சார்ஜ் தீர்ந்து ஒருநாள் அந்த நான்கு பேருக்கும் போகவில்லை.

ஞாயிறு மதியமே வாரம் முழுவதற்கும் குறித்துவிடுவேன். மனசுக்கு அவ்வளவு நிம்மதி.

நவம்பரில் ஒரு செவ்வாய் இரவு, கொட்டும் மழை. மறுநாள் பள்ளிகளுக்கு விடுமுறை என்று ஆட்சியர் அறிவித்தார். சேனலில் அதைப் போட்டுவிட்டுப் படுத்தேன். ஞாயிறன்று குறித்து வைத்தது காலை ஆறரைக்குத் தானாகப் போயிருக்கிறது: "இன்று கைவினை வகுப்பு. கலர் பேப்பர், கோந்து கொடுத்து அனுப்பவும்."

ஏழே முக்காலுக்கு வாட்ச்மேன் அண்ணன் போன் செய்தார். குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நின்றதால் சுற்றிக்கொண்டு நடந்தே வந்திருந்தார்கள், அம்மாவும் மகளும். பிள்ளை நெஞ்சோடு அணைத்திருந்த கேரி பேக்கில் கலர் பேப்பர் ஊறி, சிவப்புச் சாயம் ஒழுகி வெள்ளைச் சட்டையில் இறங்கியிருந்தது. ஒரு மூலை மட்டும் நனையாமல் இருந்தது. அதை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"ராத்திரியே லீவுன்னு பாத்தேன் மிஸ். காலைல நீங்க அனுப்பவும், லீவு கேன்சல் ஆயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார் அந்த அம்மா. குரலில் கோபமே இல்லை. ஆட்சியர் சொன்னதைவிட நான் சொன்னதை நம்பிப் பிள்ளையை மழையில் கூட்டி வந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்கக்கூட வார்த்தை வரவில்லை எனக்கு.

அதன்பின் குறித்து வைக்கும் எதிலும் "இன்று", "நாளை" எழுதுவதில்லை. "புதன், 12ஆம் தேதி, பள்ளி இருந்தால்" என்றே எழுதுகிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒருநாளுக்கு மேல் முன்கூட்டிக் குறிப்பதும் இல்லை. விடுமுறைச் செய்தி வந்தால் முதலில் சேனலில், குறித்து வைத்தவற்றைக் காட்டும் காலண்டர் குறியைத் தொட்டு, காத்திருப்பதை அழித்துவிட்டு, அப்புறம்தான் அறிவிப்புப் போடுகிறேன்.

அடுத்த மழையன்று இரவு ஒன்பதுக்கு அந்த அம்மாவை நானே போனில் கூப்பிட்டேன். "லீவுதாம்மா. காலைல என்கிட்டேர்ந்து எதுவும் வராது."