பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு கொள்கைக் குறிப்பு

சுற்றுச்சூழல் பொறியியல் படித்தவன் நான்; ஆனால் பிழைப்பு நடந்தது இணையப் பக்கங்களையும் அறிக்கைகளையும் வடிவமைத்துத்தான். ஆய்வாளர்கள் எழுதித் தருவதை ஒழுங்காக அடுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், இதை ஒரு சட்டமன்ற உறுப்பினர் எப்படிப் படிப்பார் என்ற கேள்வி அடிக்கடி எழும். அந்தக் கேள்வியே நாளடைவில் என்னை எழுத்துப் பக்கமும் இழுத்துவந்தது. எழுத்தையும் வடிவமைப்பையும் ஒருசேரப் பொறுப்பேற்ற முதல் பணி, சென்னையின் காற்று மாசு குறித்து ஒரு தன்னார்வ அமைப்புக்காகத் தயாரித்த கொள்கைக் குறிப்பும் (முடிவெடுப்போர் படிப்பதற்கான சுருக்க அறிக்கை) அதற்கான இணையப் பக்கமும் ஆகும். அதை முடித்த விதம், இதே வழியில் வர நினைப்பவர்களுக்கு உதவக்கூடும்.

அளவு நான்கு பக்கம் என்று முதலிலேயே முடிவாயிற்று. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் அறிவியல் தொழில்நுட்ப அலுவலகம் வெளியிடும் குறிப்புகளுக்கு நெடுங்காலமாக நான்கு பக்கமே வழக்கமான அளவு. அந்தக் கட்டுப்பாடு எழுதுபவருக்கு நல்ல பயிற்சி. ஆனால் அவர்கள் பரிந்துரை எதுவும் செய்வதில்லை. சான்றுகளை முன்வைத்துவிட்டு விலகிக்கொள்வார்கள். எங்கள் குறிப்பு பரிந்துரை செய்தாக வேண்டியிருந்தது. ஆகவே இது சான்று, இது எங்கள் கருத்து என்ற பிரிவு எழுத்தில் மட்டுமன்றிப் பக்க அமைப்பிலும் தெரிய வேண்டும் என்று தீர்மானித்து, பரிந்துரைகளை மட்டும் தனிக் கட்டத்தில் வைத்தேன்.

எழுத்து முடிந்த பிறகு படம் வரைவதுதான் வழக்கம். இங்கே இரண்டும் என் பொறுப்பு என்பதால் முதல் வரைவோடு சேர்த்தே வரைபடத்தையும் போட்டுப் பார்த்தேன். உண்மையான சிக்கல் அங்கேதான் தொடங்கியது. பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்களின் 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 58 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். 'தரநிலைக்குள் இருக்கிறது' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். இந்தியாவில் 2009 முதல் நடப்பிலுள்ள வரம்பு 60 என்பதால் அந்த வாக்கியத்தில் பிழையில்லை. ஆனால் வரைபடத்தில் அந்தப் புள்ளிக்கு ஒரு நிறம் கொடுத்தாக வேண்டும். 2015இல் நடைமுறைக்கு வந்த இந்தியக் காற்றுத் தரக் குறியீட்டின்படி, இந்த ஒரு மாசை மட்டும் கணக்கில் கொண்டால், அது 'திருப்திகரம்', நிறம் இளம்பச்சை. அமெரிக்கக் குறியீட்டின்படி அதே 58 சிவப்பு வகையில், அதாவது உடல்நலத்துக்குக் கேடானது என்ற வகையில் விழும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டு அளவோ 15தான். மூச்சில் போவது ஒரே காற்று. எந்த நாட்டின் நிறப் பட்டையை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்துப் படிப்பவர் நிம்மதி அடைகிறார் அல்லது அஞ்சுகிறார். வரம்புகளை எங்கே வைப்பது என்று அரசுகள் எடுத்த முடிவை அந்த நிறங்கள் சொல்லாமல் சுமந்துகொண்டிருக்கின்றன.

நிறத்தை வைத்து நடக்கும் இழுபறி புதிதல்ல. பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழுவின் 2001ஆம் ஆண்டு அறிக்கையில், வெப்பம் கூடக்கூட ஆபத்து வெண்மையிலிருந்து சிவப்புக்கு மாறுவதைக் காட்டும் புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. 2007 அறிக்கையில் அது இடம்பெறவில்லை. 2009இல் புதுப்பிக்கப்பட்டு ஓர் ஆய்விதழில் வெளியாகி, 2014 அறிக்கையில் மீண்டும் இடம்பிடித்தது. கொள்கை வகுப்போருக்கான அந்தக் குழுவின் சுருக்கத்தை அரசுகளின் பிரதிநிதிகள் வரிவரியாக விவாதித்தே ஏற்கிறார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு, ஒரு படத்துக்கு இத்தனை பாடா என்ற வியப்பு வராது.

நான் எடுத்த முடிவு, பச்சையையும் சிவப்பையும் முற்றிலும் கைவிடுவது. வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போகும் ஒரே நீலப் பட்டையை எடுத்துக்கொண்டு, அதன் குறுக்கே 15, 60 என இரு கோடுகளை வரைந்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் அது யாருடைய வரம்பு என்று எழுதினேன். 'இதில் வேகம் இல்லையே' என்று அமைப்பினர் முகம் சுளித்தார்கள். இரண்டு காரணங்களைச் சொன்னேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பது ஒன்று. மற்றொன்று, தலைமைச் செயலகத்துக்குப் போகும் எந்தத் தாளும் கோப்பில் சேர்வதற்கு முன் கறுப்பு வெள்ளையில் நகலெடுக்கப்படும் வாய்ப்பே அதிகம். அப்போது சிவப்பும் பச்சையும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறமாகிவிடும். இரண்டாவது காரணம்தான் எடுபட்டது. முதலாவது எடுபட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன்.

அதன்பின் மாநகராட்சியின் 200 வார்டுகளையும் நிறமிட்ட வரைபடம் வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு உறுப்பினருக்கும் தம் பகுதி தெரிய வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். ஆனால் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி, கொடுங்கையூர், இராயபுரம் என விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் தொடர் கண்காணிப்பு நிலையங்கள் உள்ளன. அவற்றின் அளவுகளை நகரம் முழுவதும் பரப்பிப் பூசினால் பார்க்க அழகாக இருக்கும். அளக்கப்படாத வார்டுகளுக்கும் அளந்தது போன்ற தோற்றம் வந்துவிடும். வடிவமைப்பாளராக மட்டும் இருந்திருந்தால் கேட்டதைச் செய்து கொடுத்திருப்பேன். எழுதியவனும் நானே என்பதால், இரண்டாம் பக்கத்தில் 'நிலையங்கள் போதாது' என்று எழுதிவிட்டு மூன்றாம் பக்கத்தில் அதற்கு மாறான படத்தை வைக்க மனம் ஒப்பவில்லை. நிலையம் உள்ள இடத்தில் புள்ளி, இல்லாத இடத்தில் வெறுமை என்று வரைந்தோம். நகரத்தின் பெரும்பகுதி வெறுமையாகத் தெரிந்த அந்தப் படமே, கூடுதல் நிலையங்கள் வேண்டும் என்ற முதல் பரிந்துரைக்கு வலுவான ஆதாரமாக அமைந்தது.

இரு வேலைகளும் ஒரே ஆளிடம் இருப்பதில் ஆபத்தும் உண்டு. 'இருக்கக்கூடும்' என்று எழுத்தில் கவனமாகப் போட்ட தயக்கம், அதே செய்தியைப் பட்டை வரைபடமாக்கும்போது காணாமல் போய்விடும். எழுதியவருக்குத் தயக்கம் மனத்தில் இருப்பதால் படத்தில் அது இல்லாதது கண்ணில் படாது. அதனால் கட்டுரையைத் தராமல் படங்களை மட்டும் காற்று மாசுத் துறையில் பணியாற்றும் ஒருவரிடம் காட்டி, அவற்றிலிருந்து என்ன புரிகிறது என்று எழுதித் தரச் சொன்னேன். அவர் எழுதியது என் வாக்கியங்களைவிட எங்கெல்லாம் அழுத்தமாக இருந்ததோ, அங்கெல்லாம் படத்தைத் திருத்தினேன்.

தமிழ்ப் பதிப்புக்குத் தனித் தொல்லைகள். ஆங்கிலத்தில் நான்கு பக்கத்தில் அடங்கியது தமிழில் வழிந்தது. எழுத்தைச் சிறிதாக்காமல் வாக்கியங்களைக் குறைத்தேன். குறுகிய பத்தியில் நீண்ட தமிழ்ச் சொற்களை இருபுறமும் சீராக அடுக்கினால் நடுவே பள்ளங்கள் விழும் என்பதால் இடப்புறம் மட்டும் சீராக விட்டேன். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், இந்திய மொழிகளை அடுக்கத் தேவையான வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்புகள் இடம் மாறிவிடும். பி.டி.எஃப். கோப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் எழுத்துகள் சிதைவது பலரும் அறிந்ததே. எனவே இணையப் பக்கத்தில் முழுக் கட்டுரையையும் யூனிகோடில் தனியே இட்டு, வரைபடங்களின் எழுத்தையும் படமாக உறைய வைக்காமல் எஸ்.வி.ஜி. என்ற வரைபடக் கோப்பு வடிவில் தேடவும் நகலெடுக்கவும் கூடிய எழுத்தாகவே வைத்தேன். தேடுபொறிக்கும், பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பானுக்கும் அது எட்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 (பெரிய எழுத்தானால் 3:1) என்ற குறைந்தபட்ச ஒளி வேறுபாடு இருக்க வேண்டும் என்ற இணைய அணுகல் விதியால் அமைப்பின் மஞ்சள் நிறம் தலைப்புகளிலிருந்து விடைபெற்று ஓரக்கோடுகளில் ஒதுங்கியது.

கட்டணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒரே தொகையாகக் கேட்டால், எழுத்து இலவசம், வடிவமைப்புக்குத்தான் பணம் என்று எடுத்துக்கொள்கிறவர்களே மிகுதி. எனவே இப்போது ஆய்வும் எழுத்தும் ஒன்று, அச்சு வடிவம் ஒன்று, இணையப் பக்கம் ஒன்று எனப் பிரித்தே விலை சொல்கிறேன். எழுத்து இறுதியானது என்று அமைப்பு ஒப்பமிட்ட பின் தகவல் பிழைகளை மட்டும் திருத்துவேன் என்ற வரியையும் ஒப்பந்தத்தில் சேர்க்கிறேன். இணையப் பக்கத்தின் தரவை யார், எத்தனை காலத்துக்குப் புதுப்பிப்பது என்பதும் அதிலேயே எழுதப்பட வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்க அமைப்பு முன்வராவிட்டால், ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் தரவு எந்த நாள் வரைக்குமானது என்பதைத் தலைப்பின் அளவிலேயே பெரிதாகப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.