சர்க்கரை ரத்தத்தைச் சேருமுன் குடல் அனுப்பும் செய்தி

சென்ற மாதம் ஓர் ஆய்வகத்தில், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, இரண்டு மணி நேரம் நடமாடாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தத் திகட்டல் தொண்டையை விட்டு நீங்குவதற்குள் இரண்டாவது முறையாக ரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றில் 96 மில்லிகிராமாக இருந்த ரத்தச் சர்க்கரை அளவு 152 ஆகியிருந்தது. 140 முதல் 199 வரை இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. ஆண்டுதோறும் வெறும் வயிற்று அளவை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்து வந்த எனக்கு அது பேரதிர்ச்சியாக இருந்தது.

அந்த ஆண்டுகளில் எல்லாம் என் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து நிலைமையைச் சமாளித்து வந்திருக்க வேண்டும். தேவைக்கு மேல் உண்ணும் கொழுப்பு, அதைச் சேமிக்கும் திசுக்களில் இடம் போதாமல் கல்லீரலிலும் தசைகளிலும் படியும்போது, அதிலிருந்து உருவாகும் சில பொருள்கள் இன்சுலினின் கட்டளை செல்லுக்குள் பரவுவதைத் தடுக்கின்றன. சர்க்கரையும் இதே இடத்திற்குத்தான் வந்து சேர்கிறது. அதில் பாதியாக உள்ள ஃபிரக்டோஸை, அளவு மிகும்போது, கல்லீரல் கொழுப்பாக மாற்றிவிடுகிறது. எனவே கொழுப்பு கெடுதலா, சர்க்கரை கெடுதலா என்ற வாதத்தில் எனக்கு ஆர்வம் இல்லை.

என்னை வியக்க வைத்தது குடலின் பங்கு. குளுக்கோஸை நேரடியாக ரத்தக்குழாயில் ஏற்றி, வாய் வழியே குடித்தால் ரத்தத்தில் எவ்வளவு உயருமோ அதே அளவுக்கு உயர்த்தினாலும், குடித்தபோதுதான் இன்சுலின் மிக அதிகமாகச் சுரக்கிறது. உணவு வந்துவிட்டது என்று குடலின் ஹார்மோன்களான ஜிஐபியும் ஜிஎல்பி-1-உம் கணையத்திற்கு அறிவிப்பதே அதற்குக் காரணம். ஜிஎல்பி-1 இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, போதும் என்ற உணர்வையும் மூளைக்குத் தருகிறது. ஆனால் ரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ இரண்டே நிமிடங்களில் பாதியாகிவிடும். இரண்டாம் வகை நீரிழிவில் இந்த அறிவிப்புக்குக் கணையம் தரும் பதில், குறிப்பாக ஜிஐபிக்குத் தரும் பதில், வெகுவாகக் குன்றிவிடுகிறது.

ஜிஎல்பி-1-ஐச் சுரக்கும் செல்கள் குடலின் கீழ்ப்பகுதியில்தான் மிகுதி. இனிப்புப் பானத்தின் சர்க்கரையில் பெரும்பகுதி மேற்குடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. நார்ச்சத்தோ பெருங்குடல் வரை சென்று, அங்குள்ள நுண்ணுயிரிகளால் கொழுப்பு அமிலங்களாகி, அந்தச் செல்களைத் தூண்டுகிறது. பசியைக் கிளப்பும் கிரெலினையும் ஃபிரக்டோஸ் குளுக்கோஸ் அளவுக்கு அடக்குவதில்லை.

2019-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 20 பேருக்கு மிகையாகப் பதப்படுத்திய உணவும் எளிய உணவும் இரண்டிரண்டு வாரங்கள் வழங்கப்பட்டன. பரிமாறிய உணவில் சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஆகியவற்றைச் சமமாக்கியிருந்தும், பதப்படுத்திய உணவின்போது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். எளிய உணவின்போது பசியை அடக்கும் பிஒய்ஒய் ஹார்மோன் உயர்ந்திருந்தது. உணவின் சத்துக் கணக்கைப் போலவே அதன் வடிவமும் முக்கியம் என்று நான் நம்புவது இதனால்தான்.

மனக்கட்டுப்பாடு இல்லை என்று பிறர் சொல்லக் கேட்டும், நானே சொல்லிக்கொண்டும் பல ஆண்டுகள் வருந்தியிருக்கிறேன். இப்போது மாலையில் பழச்சாற்றை விட்டுவிட்டு, அதே பழத்தைத் தோலோடு மென்று தின்கிறேன். இரவு உணவுக்கு முன் அலைக்கழித்த பசி சில நாள்களாகத் தணிந்திருக்கிறது. அடுத்த பரிசோதனைக்கு இன்னும் ஒன்பது வாரங்கள் இருக்கின்றன.