சேர்வராயன் மலையூர்களில் நலவாழ்வு ஆய்வுக்கு அனுமதி பெற்ற அனுபவம்

சேலம் மாவட்டத்தின் நலவாழ்வுக் கணக்குகளை எடுத்துப் பார்த்தால் அவற்றில் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டு மலையூர்கள் தென்படுவதே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 35 லட்சம் பேர் வாழும் இம்மாவட்டத்தில் பழங்குடியினர் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின் முடிவுகளோ மாவட்ட அளவோடு நின்றுவிடுகின்றன. மலைமேலுள்ள நாகலூரிலோ மாரமங்கலத்திலோ கர்ப்பிணிகளுக்கு இரத்தசோகை மிகுந்திருந்தாலும் அது ஓமலூர், ஆத்தூர், மேட்டூர்க் கணக்கோடு கலந்து காணாமற்போகும். இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அலுவலர் கிறிஸ் விட்டி, கடலோரச் சமூகங்களின் உடல்நலம் குறித்து 2021இல் வெளியிட்ட ஆண்டறிக்கையும் இதே குறையைச் சுட்டுகிறது: கரையோர ஊர்களின் நோய்ச்சுமை உள்நாட்டுப் பகுதிகளின் சராசரிக்குள் மறைந்துவிடுகிறது. இம்மலையூர்களின் நலவாழ்வு பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வு அந்த அறிக்கையைப் படித்ததிலிருந்து பிறந்தது.

2022இல் அந்நாட்டின் தேசிய நலவாழ்வு ஆய்வு அமைப்பு, பிளாக்பூல், பிளிமத் போன்ற கடலோர நகரங்களின் உள்ளாட்சி மன்றங்களுக்கே ஆய்வு நிதியை அறிவித்தது. அங்கே மன்றம் முன்நிற்க, பல்கலைக்கழகம் துணைநிற்கிறது. இங்கே நான் நிரப்பிய விண்ணப்பங்களில் ஊராட்சியின் கருத்தைக் கேட்கும் கட்டம் ஒன்றுகூட இல்லை.

முதற்படி, பங்கேற்போருக்கு ஆய்வால் தீங்கு வராதா என்று பார்த்து ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி, பழங்குடிப் பகுதிக்குள் நுழையுமுன் மாவட்ட ஆட்சியர் போன்ற உரிய அதிகாரியின் ஒப்புதலையும், இயன்றவரை உள்ளாட்சியின் துணையையும் பெறச் சொல்கிறது. ஆட்சியர் அலுவலகம் சுகாதாரப் பணிகள் துணை இயக்குநரின் கருத்தைக் கேட்டது. துணை இயக்குநர் அலுவலகம் நெறிமுறைக் குழுவின் சான்றைக் கேட்டது. குழுவோ ஆட்சியரின் கடிதம் வந்தபின் சான்று தருவதாகச் சொன்னது. ஆட்சியர் ஒப்புதலுக்கு உட்பட்டது என்ற நிபந்தனையோடு குழு சான்றளித்தபோதுதான் இந்த முடிச்சு அவிழ்ந்தது. இந்த வழியில் செல்வோர் நிபந்தனைச் சான்றை முதலிலேயே எழுத்தில் கேட்டுவிடலாம்.

குழுவில் இருந்த வழக்கறிஞர் எழுப்பிய கேள்வி இதைவிடக் கடினமானது. எழுதப் படிக்கத் தெரியாதவர் ஆய்வில் பங்கேற்கும் ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைக்கும்போது சார்பற்ற சாட்சி ஒருவர் கையெழுத்திட வேண்டும். பத்திருபது வீடுகள் உள்ள ஊரில் எல்லோரும் பங்காளிகளாகவோ மாமன் மச்சான்களாகவோ இருக்க, சார்பற்றவர் யார்? காப்பித் தோட்டத்து மேஸ்திரியை நிறுத்தலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கூலி கொடுப்பவரின் கண்ணெதிரில் மாட்டேன் என்று யார் சொல்வார்கள்? முடிவில், அந்தந்த ஊரின் சாட்சிக்கு அடுத்த ஊரிலிருந்து படித்த பெண் ஒருவரை அழைத்துச் செல்வதென்று ஏற்பாடாயிற்று. போக்குவரத்துச் செலவு கூடியது, ஆனாலும் அதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

2025 சனவரியில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றிருந்ததால், ஊர் சார்பில் பேசத் தலைவர் இல்லை. வட்டார வளர்ச்சி அலுவலகம் தடையில்லை என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தது. ஆனால் ஆகஸ்ட் 15 கிராம சபையில் வினாத்தாளைப் படித்துக்காட்டியபோதுதான் ஆய்வுக்கு உயிர் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்று நான் கேட்டிருந்ததைக் கேட்ட மூதாட்டி ஒருவர், “கிலோமீட்டர வச்சு என்ன பண்றது கண்ணு? கடைசி பஸ் போனதுக்கப்புறம் வலி வந்தா ஜீப்புக்காரன் எவ்வளவு கேப்பான்னு எழுது” என்றார். மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 3,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்ற அரசு அளவுகோல் சமவெளிக்கான 30,000, 5,000 என்பதைவிடத் தாராளமானதுதான். எனினும் அது தலைகளை எண்ணுகிறதேயன்றி, பேருந்து வரும் நேரத்தை எண்ணுவதில்லை. தொலைவுக் கேள்வியை எடுத்துவிட்டு, கடைசிப் பேருந்தின் நேரம், இரவு வாடகை, இழக்கும் ஒருநாள் கூலி ஆகிய மூன்றையும் சேர்த்தேன். திருத்திய தாளுக்குக் குழுவின் ஒப்புதலை மீண்டும் பெற வேண்டியிருந்தது. கார்த்திகையில் காப்பிப் பழம் பறிப்புத் தொடங்கிவிட்டால் பகலில் வீட்டில் ஆள் இருக்காது என்பதால் அந்த வாரங்கள் பதற்றமாகவே கழிந்தன.

கடைசிச் சிக்கல் அறிக்கையில் வந்தது. பத்துப் பதினைந்து குடும்பங்களே உள்ள ஊரின் பெயரோடு நோய்க்கணக்கை வெளியிட்டால் இன்னாருக்கு இன்ன நோய் என்று ஊரே கண்டுகொள்ளும். எனவே சிற்றூர்களை ஊராட்சி அளவில் சேர்த்துக் காட்டுமாறு குழு சொன்னது. சராசரிக்குள் மறைந்தவற்றை வெளிக்கொணரக் கிளம்பிய ஆய்வு, தானே ஒரு சராசரியைத் தயாரிக்கும் நிலை. குழுவின் அச்சம் நியாயமானது என்பதால் நான் வாதாடவில்லை. மாறாக, கணக்கை இரண்டாகப் பிரித்தேன். இரத்தசோகை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவை ஊராட்சி வாரியாக மட்டும் அச்சாகும். பேருந்து, வாடகை, கூலியிழப்பு ஆகியவை எவருடைய உடம்பைப் பற்றியும் பேசாததால் ஊர்ப்பெயரோடு வெளிவரும். இரண்டாவது அட்டவணையின் படிகளை வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் துணை இயக்குநர் அலுவலகத்திலும் ஒப்படைத்திருக்கிறேன். மரபுவழி ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் ஒருவர் இன்னொரு படியைக் கேட்டு வாங்கி, மாலைப் பேருந்து வேண்டி எழுதிய மனுவோடு இணைத்திருக்கிறார்.